லைம் நோயில் காதிரைச்சல்: 'இயற்கை' என்று விற்பவற்றில் எது தேறுகிறது?

உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு மருந்து முடித்தும் காதில் 'கொய்ங்' ஓசை நிற்காதவர்கள் இணையத்தில் தேடினால், ஏறக்குறைய ஒரே கூடைதான் திரும்பத் திரும்பக் கண்ணில் படும். ஜிங்கோ மர இலைச் சாற்று மாத்திரை, துத்தநாகம் (ஜிங்க்), மக்னீசியம், தூக்க ஹார்மோனான மெலடோனின், கிருமியைக் கொல்லும் என்று சொல்லி விற்கும் மூலிகைச் சொட்டு, படுக்கையருகே வைக்கும் ஒலிக்கருவி, தாடைப் பயிற்சி, மனப்பயிற்சி ஆப். எல்லாவற்றின் மேலும் 'இயற்கை' என்ற ஒரே முத்திரை. இந்த மதிப்புரை அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்க்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வாயில் போடுபவை பெரும்பாலும் தேறவில்லை. அவற்றில் சில இரைச்சலைக் கூட்டவும் கூடியவை. வெளியிலிருந்து காதுக்கும் தூக்கத்துக்கும் துணை நிற்பவை தேறுகின்றன. அவையும் ஓசையை அழித்துவிடுவதில்லை, அது கொடுக்கும் தொல்லையைத்தான் குறைக்கின்றன. 'மூன்று வாரத்தில் முழு நிசப்தம்' என்று அட்டையில் போட்டிருக்கும் எதையும் அந்த ஒரு வரிக்காகவே ஒதுக்கிவிடலாம்.

புட்டியைத் திறக்கும் முன்

உண்ணிக் கடியால் உடலுக்குள் வரும் போரேலியா கிருமி மண்டை நரம்புகளைத் தாக்கக்கூடியது. அதிகம் அடிபடுவது முகநரம்பு. காதுக்குள் போகும் எலும்புக் குழாயில் முகநரம்பும் செவிநரம்பும் பக்கத்தில் பக்கத்தில்தான் ஓடுகின்றன. அதனால் சிலருக்கு முகவாதத்தோடும், சிலருக்குத் தனியாகவும் இரைச்சல், தலைசுற்றல், கேட்கும் திறன் குறைவு வருகின்றன. நரம்பில் தொற்று இன்னும் இருக்கிறது என்று டாக்டர் முடிவு செய்தால் அதற்கு மருந்து ஆன்டிபயாடிக்தான்: டாக்ஸிசைக்ளின் அல்லது செஃப்ட்ரையாக்ஸோன், பொதுவாக 14 முதல் 21 நாள். அந்தக் கட்டத்தில் கீழே வரும் எந்தப் பொருளுக்கும் அதன் இடத்தைப் பிடிக்கும் தகுதி கிடையாது.

சிகிச்சை முடிந்த பிறகும் தொடரும் ஓசை வேறு கதை. செவிநரம்பிலிருந்தோ உட்காதிலிருந்தோ வரும் சமிக்ஞை குறையும்போது மூளை தன் ஒலிப்பெருக்கத்தைக் கூட்டிக்கொள்கிறது. அந்தக் கூட்டல்தான் இரைச்சலாகக் கேட்கிறது. கிருமி போன பிறகும் அது நீடிக்க முடியும். ஆகவே 'மிச்சக் கிருமியை அழித்தால் ஓசை நின்றுவிடும்' என்று சொல்லி விற்கும் பொருள்களின் அடிப்படைக் கணக்கே ஆட்டம் காண்கிறது. தொற்று, நரம்பியல், மூட்டுநோய் என மூன்று அமெரிக்க மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியும் இந்தப் பக்கம்தான் நிற்கிறது. தொற்றுக்கான திட்டவட்டமான சான்று இல்லாமல், வெறும் களைப்பும் வலியும் மாதிரியான தொந்தரவுகள் மட்டும் நீடித்தால் மேலும் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது அது.

அடுத்து, வீட்டில் இருக்கும் மருந்துப் பட்டியல். மூட்டுவலிக்கு அதிக அளவில் ஆஸ்பிரின் எடுத்தால் இரைச்சல் வரும். ஐபுப்ரோஃபென் வகையிலும் வரலாம். அசித்ரோமைசின் சிலருக்குக் கேட்கும் திறனைத் தொடும். லைம் நோய்க்குச் சில டாக்டர்கள் சேர்க்கும் ஹைட்ராக்ஸிகுளோரோகுயினும் இந்த வரிசையில் உண்டு. அதே உண்ணி கொண்டுவரும் பேபீசியா தொற்றுக்குக் குயினைன் கொடுத்திருந்தால், இரைச்சல் அதன் பிரசித்தி பெற்ற பக்கவிளைவு. மினோசைக்ளின் தலைசுற்றலைத் தரும். இவற்றை நீங்களாக நிறுத்த வேண்டாம். மருந்து தொடங்கிய தேதியையும் இரைச்சல் தொடங்கிய தேதியையும் ஒரே தாளில் எழுதி டாக்டரிடம் கொண்டுபோங்கள். பல நேரம் அந்தத் தாளே பாதி விடை.

சில அறிகுறிகளுக்கு எந்தக் கூடையும் உதவாது. ஒரு காது திடீரென்று மந்தமானால் அது அவசரம். ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், முடிந்தவரை சீக்கிரம், தொடங்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் அல்லது மினோசைக்ளின் எடுக்கும்போது தலைவலியும் பார்வை மங்கலும் வந்து, நாடித்துடிப்போடு ஒத்து 'உஸ்… உஸ்…' என்று காதில் கேட்டால் மண்டைக்குள் அழுத்தம் ஏறியிருக்கலாம். அன்றே டாக்டரைப் பார்க்க வேண்டும். முகம் ஒரு பக்கம் தொங்கினாலும் அப்படியே.

இது எதுவும் இல்லாதவர்களுக்கு முதல் செலவு ஆடியோகிராம் என்ற கேட்கும் திறன் பரிசோதனை. குறும்பி அடைத்திருந்தால் அதை எடுத்தாலே சிலருக்குப் பிரச்சினை முடிந்துவிடும். கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தால் காது மிஷினைப் பற்றிப் பேசுங்கள். இயற்கைப் பட்டியலில் அது சேராதுதான். ஆனால் வெளி உலகின் சத்தத்தை மூளைக்கு மீண்டும் கொண்டுசேர்ப்பதில் அதற்கு நிகராக இந்தக் கூடையில் எதுவும் இல்லை.

ஒலிக்கருவி: கூடையில் முதலிடம்

கடையில் கிடைப்பவை மூன்று ரகம். உள்ளே நிஜ விசிறி சுழல்வது ஒன்று. யோகாஸ்லீப்பின் 'டோம்' அந்த ரகம். மின்னணு முறையில் அந்தந்த நொடியே ஓசையை உருவாக்குவது இன்னொன்று, 'லெக்ட்ரோஃபேன்' அப்படி. பதிவு செய்த மழையையும் கடலலையையும் திரும்பத் திரும்ப ஓட்டுவது மூன்றாவது. ஆப்களில் பெரும்பாலானவையும் மலிவான கருவிகளும் இந்த மூன்றாவது ரகம்தான்.

மூன்றாவது ரகத்தின் குறை முதல் இரவில் தெரியாது. பதிவு சிறியதாக இருந்தால் அது முடிந்து மறுபடி தொடங்கும் இடத்தில் ஒரு சின்னத் தையல் விழும். இருட்டில் படுத்திருக்கும் மூளை அதைக் கண்டுபிடித்துவிடும், பிறகு அதற்காகவே காத்துக்கிடக்கும். வாங்கும் முன் கண்ணை மூடிப் பத்து நிமிடம் கேளுங்கள். ஒரே பறவை ஒரே இடைவெளியில் கத்தினாலோ, ஒரே அலை ஒரே மாதிரி உடைந்தாலோ வேண்டாம்.

டோமில் தையல் கிடையாது, காற்றின் ஓசைதான். மேல் மூடியைத் திருகினால் சுதி மாறும், வேகம் இரண்டு. அந்த இரண்டு வேகமே அதன் எல்லையும். லைம் நோயாளிகளில் கணிசமானோருக்குச் சாதாரணச் சத்தமே கூசும். அவர்களுக்கு அதன் குறைந்த வேகம்கூட அதிகமாகப் படலாம். லெக்ட்ரோஃபேனில் பத்து விசிறி ஓசை, பத்து இரைச்சல் ரகம். ஒலியளவை நுணுக்கமாகக் குறைக்க முடியும். சத்தம் கூசுகிறவர்கள் இந்த மாதிரியையே எடுக்கலாம்.

எந்த ஓசை? இரைச்சல் உச்சஸ்தாயியில் 'ஈஈ' என்று கேட்பவர்களிடம் எல்லாச் சுதியும் சம அளவில் கலந்த வெள்ளை இரைச்சலை வைக்கச் சொல்வது வழக்கம். அது பலருக்குத் தகரத்தைத் தேய்த்த மாதிரி இருக்கும். பிங்க் இரைச்சலில் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் 3 டெசிபல் வீதம் மேல்சுதி குறைகிறது, பழுப்பு இரைச்சலில் 6 டெசிபல் வீதம். பிங்க்கில் தொடங்குங்கள். அதுவும் கூசினால் பழுப்புக்கு இறங்குங்கள். சின்ன ஸ்பீக்கர் கொண்ட மலிவுக் கருவியில் பழுப்பு ஓசை எடுபடாது. அடிச்சுதியை அதால் கொடுக்க முடியாததால் மிஞ்சுவது ஒரு மூக்கடைத்த 'ஹ்ஹ்' மட்டும்.

பலர் கோட்டைவிடுவது ஒலியளவில். இரைச்சலே கேட்காத அளவுக்கு ஒலியை ஏற்றி அதை மூழ்கடிப்பார்கள். அந்த நேரத்துக்கு நிம்மதியாக இருக்கும். கருவியை அணைத்ததும் இரைச்சல் முன்னைவிடப் பெரிதாகக் கேட்கிற மாதிரி தோன்றும். மூளை அந்த ஓசையைப் 'பொருட்டல்ல' என்று பழகிக்கொள்ள வேண்டுமானால் அது கொஞ்சம் கேட்க வேண்டும். கருவியைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுங்கள். கருவியின் ஓசையும் காதின் ஓசையும் இரண்டும் கேட்டு, ஒன்றோடொன்று கலக்கத் தொடங்கும் இடத்துக்குச் சற்று முன்னால் நிறுத்துங்கள். சத்தம் கூசுகிறவர்கள் அதற்கும் கீழே, 'கேட்கிறதா இல்லையா' என்ற அளவில் தொடங்கி, வாரத்துக்கு ஒரு சின்னப் படியாக ஏற்ற வேண்டும்.

வைக்கும் இடம்: தலையணையிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி, சுவரைப் பார்த்து. சுவரில் பட்டு வரும் ஓசை ஒரு புள்ளியிலிருந்து வராமல் அறை முழுக்கப் பரவும். ஒரு மணி நேரத்தில் தானாக அணையும் டைமரைப் போடாதீர்கள். ஓசை சட்டென்று நிற்பதே நடுராத்திரியில் எழுப்பிவிடும், விடியும்வரை ஓடட்டும். ப்ளூடூத் ஸ்பீக்கரைப் பயன்படுத்துகிறவர்கள் கவனிக்க: ஒலி மிகத் தாழ்ந்திருந்தால் 'பாட்டு நின்றுவிட்டது' என்று நினைத்துத் தானாக அணைந்துவிடும் மாடல்கள் உண்டு. போனில் ஒலியைக் கூட்டி ஸ்பீக்கரில் குறைத்தால் பெரும்பாலும் சரியாகும்.

பக்கத்தில் படுப்பவருக்குத் தொந்தரவு என்றால் தலையணை ஸ்பீக்கர். அதைத் தலையணைக்கு அடியில் வைத்தால் பஞ்சு மேல்சுதியைத் தின்றுவிடும்; உறைக்கும் தலையணைக்கும் நடுவே, ஓர் ஓரமாகச் செருகுங்கள். காதுக்குள் செருகும் இயர்பட் இரவுக்கு ஆகாது. காது அடைபடுவதால் உள்ளோசை பெரிதாகக் கேட்கும், குறும்பியும் உள்ளே தள்ளப்படும்.

சான்றைப் பொறுத்தவரை மிகைப்படுத்த வேண்டாம். 2014-இல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டி, ஒலிச் சிகிச்சையை 'தரலாம்' என்ற அளவில் வைக்கிறது, அதற்கு மேல் இல்லை. ஆனால் பக்கவிளைவு இல்லை, எந்த மருந்தோடும் மோதாது, முதல் இரவே பிடித்ததா என்று தெரிந்துவிடும். 5-க்கு 4.

ஜிங்கோ

அதிகம் விற்பது இதுதான், அதிகம் ஏமாற்றுவதும் இதுதான். மேலே சொன்ன 2014 வழிகாட்டி, தொடர்ந்து தொல்லை தரும் காதிரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் உட்பட எந்தச் சப்ளிமென்டையும் பரிந்துரைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022 தொகுப்பாய்விலும் மருந்தில்லாத வெற்று மாத்திரைக்கும் ஜிங்கோவுக்கும் இடையே சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் தென்படவில்லை.

அப்படியும் முயன்று பார்க்கத்தான் வேண்டும் என்பவர்கள் லேபிளில் மூன்று எண்ணைத் தேடுங்கள்: ஃபிளவோன் கிளைக்கோசைடு 24 சதவீதம், டெர்பீன் லாக்டோன் 6 சதவீதம், ஜிங்கோலிக் அமிலம் பத்து லட்சத்தில் 5 பங்குக்குக் கீழ். ஆய்வுகளில் அதிகம் பயன்பட்ட 'ஈ.ஜி.பி. 761' சாறு இந்த அளவில்தான் தயாராகிறது. நாளுக்கு 120 முதல் 240 மி.கி. 'ஜிங்கோ இலைத்தூள் 500 மி.கி.' என்று மட்டும் போட்டிருந்தால் அது அந்தச் சாறு இல்லை, எண் பெரிதாகத் தெரிவதற்காகப் போட்டது. 24 என்ற எண்ணை எட்டுவதற்காக மலிவான ரூட்டினையும் குவெர்செட்டினையும் கலப்பது இந்தத் தொழிலில் தெரிந்த சங்கதி. வெளி ஆய்வகச் சான்று இல்லாத புட்டியில் அந்த எண்ணுக்கும் பெரிய மதிப்பில்லை.

யாருக்கு ஆகாது என்பது இன்னும் முக்கியம். வார்ஃபரின் போன்ற ரத்தம் இளக்கும் மருந்தோ தினசரி ஆஸ்பிரினோ எடுப்பவர்களுக்கு ரத்தக்கசிவு ஆபத்து. வலிப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது. அறுவை சிகிச்சை இருந்தால் இரண்டு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். 5-க்கு 1, அதுவும் சாறு சரியாக இருந்தால்.

துத்தநாகமும் மக்னீசியமும்

ரத்தப் பரிசோதனையில் துத்தநாகம் குறைவு என்று தெரிந்தவர்கள் எடுக்கலாம். மற்றவர்களுக்கு இரைச்சல் குறையும் என்பதற்கு ஆதாரம் தேறவில்லை. 'துத்தநாக சல்ஃபேட் 220 மி.கி.' மாத்திரையில் உண்மையான துத்தநாகம் 50 மி.கி. வளர்ந்தவர்களுக்கு நாளின் மேல்வரம்பு 40. இதைப் பல மாதம் தொடர்ந்தால் உடலில் செம்பு குறையும். செம்பு குறைந்தால் ரத்தசோகை, கால் மரத்துப்போதல், நடை தள்ளாட்டம். லைம் நோயாளிக்கு இந்த அறிகுறிகள் வந்தால் எல்லோரும் லைமைத்தான் குற்றம் சொல்வார்கள், புட்டியை யாரும் சந்தேகிக்க மாட்டார்கள்.

மக்னீசியத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படுவது, வெற்று மாத்திரையோடு ஒப்பிடாமல் செய்த மிகச் சிறிய ஆய்வு. காதிரைச்சலுக்கு அதை நம்பி வாங்க வேண்டாம். வாங்குகிறவர்கள் அடியில் இருக்கும் சிற்றெழுத்தைப் படியுங்கள்: 'மக்னீசியம் பிஸ்கிளைசினேட் 1000 மி.கி.' என்பதில் மக்னீசியம் ஏறக்குறைய 140 மி.கி.தான். ஆக்சைடில் விகிதம் 60 சதவீதம், ஆனால் உடம்பில் ஒட்டுவது குறைவு, வயிற்றுப்போக்கும் வரலாம். சப்ளிமென்டாக நாளுக்கு 350 மி.கி. என்பது அமெரிக்க மேல்வரம்பு. சிறுநீரகம் பழுதானவர்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

இனி இந்த உலோகங்கள் செய்யும் பெரிய கெடுதல். டாக்ஸிசைக்ளின் எடுத்துக்கொண்டிருக்கும்போது துத்தநாகம், மக்னீசியம், கால்சியம், இரும்பு இவற்றில் எது குடலில் சேர்ந்தாலும் மருந்தோடு பிணைந்துவிடும். பிணைந்த மருந்து ரத்தத்தில் ஏறாது. காதுக்கென்று வாங்கிய மாத்திரை, லைமுக்கான மருந்தையே பாதியில் மடக்கிவிடுகிறது. மல்ட்டிவிட்டமினும் அமிலம் தணிக்கும் மாத்திரையும் இதில் சேர்த்திதான். டாக்ஸிசைக்ளின் காலை 8-க்கும் இரவு 8-க்கும் என்றால் உலோகம் சேர்ந்த எதுவும் பிற்பகல் 1 மணியிலிருந்து 2 மணிக்குள் இருக்கட்டும். 'தூக்கத்துக்கு மக்னீசியம்' என்று இரவு மருந்தோடு சேர்த்து விழுங்குவதுதான் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. மருந்துக் கோர்ஸ் முடியும்வரை இவற்றை அடியோடு நிறுத்திவைப்பது இன்னும் எளிது. இரும்பு மட்டும் டாக்டர் சொல்லி எடுப்பதாக இருந்தால் இடைவெளியையும் அவரையே கேளுங்கள்.

மூலிகைச் சொட்டுகள்

பூனைநகக் கொடி, ஜப்பானிய நாட்வீட், கிரிப்டோலெபிஸ். லைம் கூடையில் இந்த மூன்று பெயரும் இல்லாமல் இருக்காது. 2020-இல் வெளியான ஒரு ஆய்வகச் சோதனையில் கிரிப்டோலெபிஸும் நாட்வீட்டும் போரேலியாவை நன்றாக அடக்கின என்பது உண்மை. அது கண்ணாடிக் குழாயில் நடந்தது. குழாயில் ஊற்றிய அடர்த்தி மனித ரத்தத்தில், அதிலும் உட்காதில், கிடைக்குமா என்பதற்கு அந்தச் சோதனையில் பதில் கிடையாது. விளம்பரத்தில் முதல் வாக்கியம் இருக்கும், அடுத்த இரண்டும் இருக்காது.

காதிரைச்சல் உள்ளவர்கள் இந்தப் புட்டிகளில் தேட வேண்டிய சொல் வேறு. 'அழற்சி தணிக்கும் கலவை' என்று வருபவற்றில் வெள்ளை வில்லோ மரப்பட்டையும் மெடோஸ்வீட்டும் சேர்ப்பது வாடிக்கை. வில்லோப் பட்டையில் இருக்கும் சாலிசின் உடலில் சாலிசிலேட்டாக மாறும், ஆஸ்பிரின் குடும்பமேதான். சாலிசிலேட் கூடினால் காதில் மணியடிக்கும் என்பது மருத்துவப் பாடப்புத்தகத்துச் சங்கதி. பேபீசியாவுக்கு என்று வரும் கலவைகளில் சின்கோனா பட்டை இருந்தால் அதில் இருப்பது குயினைன், இரைச்சலைக் கிளப்புவதில் சாலிசிலேட்டுக்குச் சளைத்ததில்லை. காதுக்காக ஒரு புட்டியும் மூட்டுக்காக இன்னொரு புட்டியும் வாங்குகிறவர், இரண்டாவது புட்டியால் முதலாவதன் காசை வீணாக்குகிறார். 'கலவை விகிதம் நிறுவன ரகசியம்' என்று போட்டு ஒவ்வொரு மூலிகையின் அளவையும் மறைத்திருந்தால் வாங்கவே வேண்டாம். எது எவ்வளவு என்று தெரியாமல் டாக்டரும் உங்களுக்கு உதவ முடியாது.

சொட்டுக் கணக்கும் குழப்பும். 20 சொட்டு 1 மி.லி. என்பது தண்ணீருக்கு ஏறக்குறைய சரி. சாராயத்தில் ஊறவைத்த மூலிகைச் சாற்றின் சொட்டு சிறியது, 1 மி.லி.க்கு முப்பது நாற்பது சொட்டுகூட விழும். லேபிளில் மி.லி. போட்டிருந்தால் மி.லி.யிலேயே அளக்க வேண்டும், அதற்கு ஊசியில்லாத சிரிஞ்ச் போதும். மெட்ரோனிடசோல், டினிடசோல் என்ற கிருமிக்கொல்லி மருந்துகளை எடுப்பவர்களை மது வேண்டாம் என்றுதான் எச்சரிக்கிறார்கள். சாராயச் சாறும் மதுதான். மாத்திரை உருவில் வரும் ஆர்டிமிசினின் என்ற மூலிகைச் சத்து கல்லீரலைப் பாதித்ததாகப் பதிவுகள் உண்டு. வாங்குவதாக இருந்தால் தொடங்கும் முன்பும் பிறகும் கல்லீரல் பரிசோதனை எடுக்க வேண்டும்.

இன்னொன்று. சொட்டு எடுத்துத் தொந்தரவு கூடினால், 'கிருமி சாகிறது, அதுதான் ஹெர்க்ஸ், விடாதீர்கள்' என்பார்கள். அந்த எதிர்வினை நிஜமானதுதான். ஆன்டிபயாடிக் தொடங்கிய முதல் 24 மணி நேரத்துக்குள் காய்ச்சலும் குளிரும் உடல்வலியுமாக வந்து சீக்கிரமே அடங்கிவிடும். மூன்றாவது வாரத்திலும் இரைச்சல் ஏறிக்கொண்டே போனால் அதற்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. அது பக்கவிளைவு, புட்டியை மூடுங்கள். மொத்தமாக 5-க்கு 0.

மெலடோனின்

இரைச்சலுக்கு இல்லை, தூக்கத்துக்கு வேண்டுமானால். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு அரை மி.கி. முதல் 3 மி.கி. வரை. 10 மி.கி. மாத்திரை கூடுதல் தூக்கம் தராது, மறுநாள் காலை மந்தம்தான் தரும். பிரச்சினை புட்டிக்குள் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்பது. கனடாவில் 31 பொருள்களைச் சோதித்து 2017-இல் வெளியான ஆய்வில், லேபிளில் சொன்னதைவிட 83 சதவீதம் குறைவாக இருந்ததும் உண்டு, 478 சதவீதம் கூடுதலாக இருந்ததும் உண்டு. மெல்லும் மிட்டாய் வடிவத்தைத் தவிர்த்து, வெளி ஆய்வக முத்திரை உள்ளதை எடுங்கள். ஃபுளூவாக்ஸமின் என்ற மனநல மருந்தை எடுப்பவர்களுக்கு மெலடோனின் ரத்தத்தில் பல மடங்கு ஏறும், அவர்களுக்கு ஆகாது. தூக்கம் கெட்டவருக்கு 5-க்கு 2.

மற்ற உருப்படிகள் சுருக்கமாக. எலுமிச்சை பயோஃபிளவனாய்டு கொண்ட 'லிப்போ ஃபிளவனாய்டு' வகை: 2016-இல் வந்த சோதனையில் பலன் தெரியவில்லை. பி12: குறைபாடு இருந்தால் அவசியம், இல்லையென்றால் வெட்டிச் செலவு. அதோடு சேர்ந்து வரும் பி6-ஐப் பாருங்கள், அதிக அளவில் பல மாதம் எடுத்தால் நரம்பையே கெடுக்கும். கூழ்ம வெள்ளி (நுண்ணிய வெள்ளித் துகள் கலந்த நீர்): பாதுகாப்பானது, பலன் தருவது என்று ஏற்க முடியாது என அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1999-லேயே சொல்லிவிட்டது, தோல் நிரந்தரமாகச் சாம்பல்நீலமாகும். காது மெழுகுவர்த்தி: அது எதையும் உறிஞ்சுவதில்லை, அடியில் காட்டும் பழுப்புக் கசடு மெழுகுவர்த்தியினுடையதே. தீக்காயமும் செவிப்பறை ஓட்டையும் இலவசம்.

தாடையும் கழுத்தும்

செலவே இல்லாத இந்த உருப்படியைக் கூடைக்காரர்கள் கடைசியில்தான் சொல்வார்கள். பல்லை ஐந்து நொடி இறுகக் கடியுங்கள். பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் அதைத் தள்ளுங்கள். தாடையைப் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இதில் எதிலாவது இரைச்சலின் சுதியோ அளவோ மாறினால் உங்கள் இரைச்சலில் தசைக்கும் ஒரு பங்கு இருக்கிறது. கழுத்து இறுக்கமும் தாடை மூட்டு வலியும் லைமில் வரக்கூடியவை என்பதால் இதைச் சோதிக்காமல் விடக் கூடாது.

மாற்றம் தெரிந்தவர்கள் செய்ய வேண்டியது: கன்னத் தசையில் பத்து முதல் பதினைந்து நிமிடம் இளஞ்சூட்டு ஒத்தடம். பிறகு நாக்கு நுனியை மேலண்ணத்தில் ஒட்டிவைத்து, அது விலகாத அளவுக்கு மட்டும் வாயைத் திறந்து மூடுவது, ஆறு தடவை. அடுத்து மோவாயை நேராகப் பின்னுக்கு இழுத்து ஐந்து நொடி நிறுத்துவது, ஆறு தடவை. காலை, மதியம், இரவு. வேகமாகவும் வாயை அகலமாகத் திறந்தும் செய்தால் மூட்டு சொடுக்கிக்கொண்டு வலி கூடும். மூட்டு வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் செய்ய வேண்டாம். இரவில் பல் கடிப்பவர்களுக்குப் பல் டாக்டர் அச்செடுத்துச் செய்யும் காப்பு உதவும். கடையில் வாங்கி வெந்நீரில் போட்டுக் கடித்து வடிவமாக்கும் மெத்தென்ற ரகம் சிலரை இன்னும் அதிகமாகக் கடிக்க வைக்கிறது. சோதனையில் சுதி மாறியவர்களுக்கு 5-க்கு 4, மாறாதவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

அக்குபங்சரைப் பற்றி அந்த 2014 வழிகாட்டி ஆதரவாகவும் சொல்லவில்லை, எதிராகவும் சொல்லவில்லை. கழுத்து இறுக்கம் தளர்ந்தால் லாபம். ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசியா என்று பாருங்கள்.

மனப்பயிற்சிச் சேவைகள்

'எல்லாம் மனசுலதான் இருக்குன்னு சொல்றாங்களா?' என்று நோயாளிகள் கோபப்படும் இடம் இது. ஓசை நிஜம், அதற்கு உடம்பு காட்டும் பதற்றமும் நிஜம். அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, சி.பி.டி., அந்தப் பதற்றத்தைத்தான் தொடுகிறது. இந்தக் கூடையில் ஆய்வுகளின் பலம் அதிகம் உள்ளது இதற்கே. இரைச்சலின் உரத்தை இது குறைப்பதில்லை, வாழ்க்கையில் அது செய்யும் சேதத்தைக் குறைக்கிறது என்பதே 2020 காக்ரேன் தொகுப்பாய்வின் சாரம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு அதே ஆண்டில் தந்த வழிகாட்டி, முதலில் இணையவழி, போதவில்லையென்றால் குழு, அதன்பின் தனிநபர் என்று படி வைக்கிறது. களைப்பால் வெளியே போக முடியாத லைம் நோயாளிக்கு இணையவழி வசதியானது.

சேவையைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது, மறுமுனையில் மனிதர் இருக்கிறாரா என்பது. வாரம் ஒருமுறையாவது கேட்கும் திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்டோ மனநல நிபுணரோ உங்கள் பதிவைப் படித்துப் பதில் எழுத வேண்டும். தானியங்கிப் பாராட்டு மட்டும் வரும் ஆப்களில் மூன்றாவது வாரத்துக்குள் ஆள் கழன்றுவிடுவார். காதிரைச்சலுக்கென்றே எழுதிய பாடமா, பொதுவான தியானப் பாடத்துக்கு மேலட்டை மாற்றியதா என்பதும் சீக்கிரம் தெரிந்துவிடும். தூக்கம், சத்தக் கூச்சம், நிசப்தத்தைக் கண்டு பயப்படுவது, 'இது என்றைக்கும் நிற்காது' போன்ற எண்ணங்களை எழுதிச் சோதிப்பது இவையெல்லாம் தனித்தனிப் பாடமாக இருக்க வேண்டும். லைம் மூளைமந்தம் உள்ளவர்களுக்கு ஒரு பாடம் இருபது நிமிடத்துக்கு மேல் போனால் தாங்காது. பாதியில் நிறுத்தி விட்ட இடத்திலிருந்து தொடர முடிகிறதா என்று இலவசக் காலத்திலேயே பாருங்கள். மூச்சைக் கவனித்து அமைதியாக உட்காரும் பயிற்சியில் இரைச்சல் பெரிதாகக் கேட்டு மிரள்பவர்கள் உண்டு. அவர்கள் ஒலிக்கருவியை ஓடவிட்டபடியே செய்யலாம். 5-க்கு 4, மனிதர் இல்லாத ஆப் என்றால் 2.

நல்ல சேவைகள் தொடக்கத்திலேயே காதிரைச்சல் தரும் பாதிப்பை அளக்கும் டி.எச்.ஐ. என்ற கேள்வித்தாளைக் கொடுக்கும். 25 கேள்வி, 'ஆம்' என்றால் 4, 'சில நேரம்' என்றால் 2, 'இல்லை' என்றால் 0. மொத்தம் 100. 38 முதல் 56 வரை நடுத்தரம், 58-உம் அதற்கு மேலும் கடுமை. மேலே சொன்ன எந்தப் பொருளுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்: தொடங்கும் அன்று ஒருமுறை, நான்கு வாரம் கழித்து ஒருமுறை, இடையில் வேறு எதையும் புதிதாகச் சேர்க்காமல். 7 புள்ளியாவது இறங்கினால்தான் அது கணக்கில் வரும் மாற்றம். இரண்டு மூன்று புள்ளி ஏறுவதும் இறங்குவதும் அன்றைய தூக்கத்தைப் பொறுத்தது. பணத்தைத் திருப்பித் தரும் கெடு அந்த நான்கு வாரத்துக்குள் முடிகிறதா என்றும் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.